பென்னலூரில் என் ஒட்டகம் கொதித்தது

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பனி பார்க்கப் போகிறார்கள், கோபுரம் பார்க்கப் போகிறார்கள். என்னைப் பெண் பார்க்க அனுப்பினார்கள். பெண் எனக்கில்லை. எனக்கு ஏற்கெனவே ஒரு மனைவியும் ஒரு ரொட்டிக் கடையும் இருக்கின்றன, இரண்டையும் சமாளிக்கவே நேரம் போதவில்லை. பெண் என் அண்ணன் மகன் விக்டருக்கு.

விக்டர் கிள்ளானில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். நல்ல பையன். பையன் என்று நாங்கள்தான் சொல்கிறோம், முப்பத்து நான்கு வயது. லாரியைப் பற்றி என்றால் பேசுவான். புது மனிதர்கள் முன்னால் உட்காரவைத்தால் "ஆங்" என்பதற்கு மேல் வாயிலிருந்து ஒன்றும் வராது. மலேசியாவிலேயே மூன்று சம்பந்தங்கள் அந்த "ஆங்"கில் முடிந்துபோயின. நான்காவதாகச் சபைக்காரர் ஒருவர் மூலம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் பென்னலூர், பாதிரியார் இல்லாத சின்னக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரின் ஒரே மகள், பெயர் கிருபாவதி. இங்கிருந்து ஒரு போட்டோ போயிற்று, அங்கிருந்து ஒரு போட்டோ வந்தது.

"அவன் வேண்டாம், நீ போ" என்றார் அண்ணன். "இவன் போய் ஆங் என்றால் இதுவும் போச்சு. பெண் வாயால் சம்மதம் என்று ஒரே ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வா. வாங்காமல் வராதே."

விமான நிலையத்தில் என்னைத் தனியாக இழுத்து இன்னொன்றும் சொன்னார். "தலையைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்று."

விக்டரின் போட்டோவில் தலை நிறைய முடி இருக்கிறது. அந்தப் போட்டோ எடுத்து ரொம்பக் காலம் ஆகிவிடவில்லை. முடிதான் அவசரப்பட்டுவிட்டது.

இது 1991 பிப்ரவரியில். சென்னையில் ஏகாம்பரம் என்ற டாக்ஸிக்காரர் கிடைத்தார். மீசை பெரியது, கார் பழையது. எங்கள் ஊரில் அந்த வயது காரைக் கோழி வளர்க்கத்தான் வைத்திருப்பார்கள். "சார் வேண்டிக்கினு உக்காருங்க" என்றார். வண்டியில் ஏறும்போது இப்படி ஒரு அறிவுரையை நான் எங்கும் கேட்டதில்லை.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஏரி நிறைந்து கிடந்தது. இதுதான் சென்னைக்குக் குடிதண்ணீர் என்றார் ஏகாம்பரம், ஏதோ அவரே வெட்டியதைப் போல. அங்கேயே கார் ஒரு தடவை இருமியது. பிறகு சாலையில் அறுத்த நெற்கதிரைப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டிகளெல்லாம் அதன்மேல் ஏறி இறங்கி இலவசமாகப் போர் அடித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வைக்கோல் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. ஏகாம்பரம் இறங்கிப் படுத்துப் பிடுங்கினார். எங்கள் நெடுஞ்சாலையில் யாராவது வைக்கோல் காய வைத்தால் போலீஸ் வரும். இங்கே ஒரு அம்மாள் வந்து, "இன்னொரு தபா ஏத்திட்டுப் போ நைனா" என்றார். ஏற்றிவிட்டுப் போனோம்.

பென்னலூர் முனையில் கார் உஸ்ஸென்று புகைவிட்டு நின்றது. ஏகாம்பரம் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"ரேடியேட்டர் கொதிச்சிட்ச்சு சார். ஒட்டகம்னா கூட ஒரு வாரம் தாங்கும். இது ஏரியத் தாண்டுனா தண்ணி கேக்குது."

நின்ற இடம் ஊர் அடிபம்பு. நீலக் கம்பெனிக் கோட்டு போட்ட ஒரு பெண் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துச் சொம்பை நீட்டினாள். குடித்தேன். அடுத்து அவள் குடத்தைத் தூக்கி வந்து, யாரும் கேட்காமலே, ஏகாம்பரம் மூடியைத் திறக்கும்வரை காத்திருந்து ரேடியேட்டரில் ஊற்றினாள். இன்னொரு குடம் அடித்து அதையும் ஊற்றினாள்.

"நல்லா இரும்மா" என்றேன். நெகிழ்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் இப்படிச் செய்வார்களா?

"வண்டி பம்பை மறிச்சிக்கினு நிக்குது அங்கிள். அது நவுந்தா தான் பின்னாடி இருக்கறவங்க தண்ணி புடிக்க முடியும்" என்றாள்.

அப்போது பின்னால் ஒரு சைக்கிள் விழும் சத்தம். வெள்ளை ஜிப்பா போட்ட ஒரு மனிதர் சைக்கிளைச் சேற்றில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கியபடி நின்றார்.

"பிரதர், நீங்க மலேசியாவா?"

"ஆமாம்."

"இந்தப் பொண்ணு உங்களுக்குத் தண்ணி குட்த்துச்சா?"

"கொடுத்தது."

"வண்டிக்கும் ஊத்துச்சா? நீங்க கேட்டீங்களா, அதுவே ஊத்துச்சா?"

"அதுவேதான் ஊற்றியது."

அவர் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது. "அது என் பொண்ணு பிரதர்!"

"அப்பா, சைக்கிள்ல சேறு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண் போய்விட்டாள். நான் கடல் தாண்டிப் பார்க்க வந்தவளை இப்படித்தான் பார்த்தேன்.

தானியேல் உபதேசியார் என்னை விட்டுவிடவில்லை. அங்கேயே பம்படியில் நிற்கவைத்துச் சொன்னார். பழைய ஏற்பாட்டில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் தேட, வேலைக்காரனைப் பத்து ஒட்டகங்களோடு தூர தேசத்துக்கு அனுப்புகிறார். அவன் ஒரு கிணற்றருகே நின்று, எனக்குத் தண்ணீர் தந்துவிட்டு, கேட்காமலே என் ஒட்டகங்களுக்கும் எவள் வார்க்கிறாளோ அவளே பெண் என்று வேண்டிக்கொள்கிறான். ரெபெக்காள் வருகிறாள், வார்க்கிறாள்.

"அது வெறும் கல்யாணக் கதை இல்ல பிரதர். நிழல்! ஆபிரகாம் பிதா. ஈசாக்கு குமாரன். ரெபெக்காள் சபை. பொண்ணு கூட்டியாறப் போன ஊழியக்காரன் பரிசுத்த ஆவி. அது இங்க திரும்ப நடக்குது. இப்ப ஊழியக்காரன் நீங்க!"

ரொட்டிக் கடைக்காரனான நான் பரிசுத்த ஆவி என்று கேள்விப்பட்டால் என் மனைவி என்ன சொல்வாள் என்று யோசித்தேன். நானும் கிறிஸ்தவன்தான். எபிரேயரின் பழைய வேதத்தில் வரும் ஆட்டுக்குட்டியும் பேழையும் பாறையும் பின்னால் வரப்போகிற மீட்பரின் நிழல்கள் என்று எங்கள் பாதிரியாரும் சொல்வார். ஆனால் ஈஸ்டரை ஒட்டி ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். இவருக்கு அது மூச்சு.

"ஒண்ணுதான் இடிக்குது" என்றார் உபதேசியார். "பத்து ஒட்டகம் வேணும். உங்ககிட்ட ஒண்ணுதான் கீது."

"ஐயிரே, உள்ள நாப்பது குதிரை சக்தி கீது" என்றார் ஏகாம்பரம். அவர் இந்து. உபதேசியாரையும் பாதிரியார் கணக்கில் சேர்த்து ஐயர் என்றே கூப்பிட்டார்.

உபதேசியார் யோசித்தார். "குதிரைன்னா அது மோசேயத் தொரத்துன எகிப்து சைடு ஆயிடும். ஒட்டகம்னே வெச்சிக்குவோம்."

இரவு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். கொசுக்கள் மலேசிய ரத்தத்தை முதல்முறையாகச் சுவைத்து, உறவினர்களையும் அழைத்து வந்தன.

மறுநாள் சனிக்கிழமை. பெண் வேலைக்குப் போயிருந்தாள். வல்லம் வடகால் போகிற பக்கம், வயல்களுக்கு நடுவே புதிதாக வந்த ஒரு கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் லைனில் வேலை. சம்பந்தி வீட்டுச் சாப்பாடு எனக்கு. பெண்ணின் அம்மா சாராள் ஏரி மீன் குழம்பு வைத்திருந்தார். எங்கள் ஊர் மீன் குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாந்தப்படுத்திவிடுவோம். இது சாந்தப்படாத குழம்பு. கண்ணில் நீர் வர மூன்று தட்டு சாப்பிட்டேன்.

"இன்னிக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் சாராள் அம்மா. "எங்க வூட்டு மீன் கொழம்பு மூணாம் நாள்தான் ருசி."

உபதேசியார் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார். "மூணாம் நாள்! மீன்! யோனா மீன் வயித்துல மூணு நாள் இருந்து வெளிய வர்ல? அது எத்துக்கு நிழல்? கல்லறைலேர்ந்து மூணாம் நாள் எழுந்ததுக்கு! சாராளு, நீயாடி இத்தச் சொன்ன?"

"நான் கொழம்பச் சொன்னேன்" என்றார் சாராள் அம்மா.

சாயங்காலம் உபதேசியார் என்னைச் சாலைக்கு அழைத்துப் போனார். கம்பெனி வேன் பெண்ணை மேற்கே முனையில் இறக்கிவிடும். அவர் தினமும் அங்கே போய் நிற்பாராம். வெயில் சாய்ந்து மஞ்சளாக இருந்தது. எனக்குக் கண் கூசியது, எதிரே யாரையும் தெரியவில்லை. புழுதியில் ஒரு நீள நிழல் மட்டும் எங்கள் காலருகே வந்தது.

"வந்துட்ச்சு பாத்தீங்களா" என்றார். வழக்கமான பிரசங்கக் குரல் இல்லை, மெதுவாகப் பேசினார். "நிழலுக்கு மூஞ்சி கெடயாது பிரதர். சிரிக்குதா அழுவுதான்னு தெரியாது. ஆனா நிழல் வந்துச்சின்னா ஆளு பின்னாடியே வர்துன்னு அர்த்தம். பழைய ஏற்பாடு பூரா அவ்ளோதான். மூஞ்சி தெரியாத காலத்துல நிழலப் பாத்தே அவங்க தெம்பா இருந்தாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "ஒரே பொண்ணு. கடல் தாண்டி அனுப்பணும். இது முன்னாடியே எழுதி வெச்சதுன்னு தெரிஞ்சா, அனுப்பறதுக்கு எனக்குக் கொஞ்சம் தெம்பு வரும். இல்லாங்காட்டி இன்னாத்தச் சொல்லி மனசத் தேத்திக்குவேன்?" என்றார்.

இந்த மனிதரை இனிமேல் கிண்டல் செய்யக்கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு மறுநாள் காலை ஆராதனைவரை நிலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில். பாய் விரித்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஏகாம்பரம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். பிரசங்கம் வெண்கலப் பாம்பைப் பற்றி. வனாந்தரத்தில் பாம்பு கடித்து ஜனங்கள் சாகும்போது, மோசே ஒரு வெண்கலப் பாம்பைச் செய்து கம்பத்தில் உயர்த்தினான், அதை நிமிர்ந்து பார்த்தவர்கள் பிழைத்தார்கள், அந்தக் கம்பம் சிலுவையின் நிழல் என்று உபதேசியார் உருகிக்கொண்டிருந்தார். "யார் மேல பாப்பீங்க? யார் நிமிந்து பாப்பீங்க?" என்று கேட்டார். எல்லோரும் பக்தியாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"மேல பாருங்க!" என்று வாசலிலிருந்து ஏகாம்பரம் கத்தினார்.

உபதேசியார் கண் விரிந்தது. "அல்லேலூயா!" என்றார். சபை, "அல்லேலூயா!" என்றது.

"ஐயோ, மேல பாருங்க! பாக்கலன்னா செத்தீங்க!"

"கேட்டீங்களா, புறஜாதி சகோதரன் சாட்சி சொல்றாரு!"

"பாம்புய்யா! பாம்பு!"

"ஆமென்! பாம்புதான்!" என்று உபதேசியார் கண்ணை மூடிக் கையைத் தூக்கினார். அந்தக் கைக்கு நேர் மேலே, கூரை மரத்திலிருந்து ஒரு சாரைப்பாம்பு தலையைத் தொங்கவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் நிமிர்ந்து பார்த்தது கிருபாவதிதான். பார்த்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். ஏனென்றால் பார்த்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். நான் இரண்டாவதாக வெளியே வந்தேன். முதலில் வந்தவர் உபதேசியார்.

மத்தியானம் இரண்டாம் நாள் மீன் குழம்பு. முந்தின நாளைவிட நன்றாகவே இருந்தது, மறுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை முடிவு கேட்கும் நாள். ரெபெக்காளின் கதையில் எல்லாம் பேசி முடித்த பிறகு, பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம் என்று வீட்டார் சொல்வார்களாம். அவள் வாயிலிருந்து பிறக்கும் சொல். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கதையில் பெண்ணைக் கேட்டிருக்கிறார்கள், பாருங்கள். இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்பார்கள், அவள் போகிறேன் என்பாள். அந்த ஒரு சொல்லோடு சரி, ஒட்டகம் கிளம்பிவிடும்.

"அந்தச் சொல் இன்னிக்கு இந்த வூட்ல பொறக்கணும்" என்றார் உபதேசியார். அக்கம்பக்கத்தார் வந்து நின்றார்கள். எனக்கு இட்லியும் மூன்றாம் நாள் மீன் குழம்பும். ருசி உச்சத்தில் இருந்தது. ஐந்து இட்லி போயிற்று.

கிருபாவதி கோட்டு போட்டு, டிபன் பையோடு உள்ளேயிருந்து வந்தாள். இத்தனை பேரைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

உபதேசியார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "கிருபா. இந்த மனுஷனோட கூடப் போறியாம்மா?"

வெளியே வேன்காரன் ஆரன் அடித்தான். விடாமல் அடித்தான். சாராள் அம்மா மகள் தோளைத் தள்ளி ஏதோ முணுமுணுத்தார்.

"போறேன்!" என்றாள் கிருபாவதி. ஓடிவிட்டாள்.

வீடே அதிர்ந்தது. "சொல்லிட்டா! அதே சொல்லு!" என்று உபதேசியார் குதித்தார். "ஐயிரே, வேன்காரன் ஆரன் அட்ச்சான், பொண்ணு ஓடுச்சு" என்றார் ஏகாம்பரம். யார் கேட்கிறார்கள்? உபதேசியாரிடம் அதற்கும் பதில் இருந்தது. "வேலைக்குப் போற புள்ள எந்த வூட்லயாவது போறேன்னு சொல்லுமா? வரேன்னுதான் சொல்லும். இவ போறேன்னா, பிரதர்! போறேன்!"

அது உண்மைதான். கிள்ளானிலும் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கேசரி வந்தது. நான் வாங்க வந்த ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் போய் அண்ணனுக்கு ஒரு டெலிபோன் போட்டால் என் வேலை முடிந்தது.

டெலிபோன் பூத்வரை போனேன். ரிசீவரைக் கையில் எடுத்தேன். உடனே கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினேன். யோனாவை மீன் மூன்றாம் நாள் கக்கியதாம். நான் மூன்றாம் நாள் மீனைக் கக்கினேன், பூத்துக்குப் பின்னால் இருந்த காலிமனையில். ஏகாம்பரம் சோடா வாங்கிக் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார். லாட்ஜ் கட்டிலில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபோது, அந்தப் பெண் "போறேன்" என்றபோது அவள் முகம் எப்படியிருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. யாருமே பார்க்கவில்லை, எல்லோரும் சொல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நிழலுக்கு முகம் கிடையாது என்று அந்த மனிதரே சொல்லியிருந்தார்.

சாயங்காலம் நானே சாலை முனையில் போய் நின்றேன். உபதேசியார் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார். நிழல் வந்தது, பின்னால் கிருபாவதி வந்தாள்.

"காலையில் போறேன்னு சொன்னியேம்மா, எதுக்குச் சொன்னே?"

"வேனுக்கு" என்றாள். "அம்மா, போடி வேன் போய்டும்னு தள்ளுச்சு. போறேன்னேன். ஏன் அங்கிள்?"

சொன்னேன். அவள் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"சரி, நான் நிஜமாகவே கேட்கிறேன். விக்டரைக் கட்டிக்கச் சம்மதமா?"

அவள் டிபன் பையிலிருந்து போட்டோவை எடுத்தாள். வேலைக்குக் கொண்டுபோயிருக்கிறாள் என்பது எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. "இது எப்ப எடுத்தது அங்கிள்?"

"மழை வரும்போல இருக்கே" என்றேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

"எங்கப்பா எத்தப் பாத்தாலும் நிழல்னுவாரு. இதுவும் நிழற்படம் தான? இந்த நிழல்ல முடி கீது. நெசத்துல கீதா?"

அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது. "இல்லைம்மா" என்றேன்.

"கொஞ்சம் கூடவா?"

"காதுப் பக்கம் இருக்கு."

அவள் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "முடி இல்லாட்டி போவட்டும் அங்கிள். ஆளப் பாக்காம எப்படிக் கடல் தாண்டறது? லைன்ல ஒரு காயிலக்கூட டெஸ்ட் பண்ணாம வெளிய உடமாட்டோம். அவரை வரச் சொல்லுங்க. பேசிப் பாக்கறேன். அப்பறம் சொல்றேன்."

"அவன் பேசமாட்டானேம்மா. ஆங் என்பான்."

"அத்த இங்க வந்து சொல்லட்டும்." எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்பா கிட்ட யார் சொல்றது? அவரு ஒடஞ்சிப் பூடுவாரு அங்கிள். ஊரைக் கூட்டிட்டாரு."

"நான் சொல்கிறேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வயிறு காலியாக இருந்ததால் இருக்கலாம்.

வீட்டில் பாய் விரித்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் உபதேசியாரைக் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவள் வேனுக்குச் சொன்னது. சம்மதம் இன்னும் சொல்லவில்லை. பையனைப் பார்க்காமல் சொல்லமாட்டாள்.

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை.

"அப்ப தண்ணி? ஒட்டகம்?" என்றார். "எல்லாம் நானா கட்டிக்கினதா பிரதர்? இத்தினி நாளா நான் ஜனத்துக்குச் சொன்ன நிழல் எல்லாமே நானாக் கட்டிக்கினதா?"

பின்வாசலில் கிருபாவதி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஏகாம்பரம் வேலிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, எதையும் கேட்காதவர்போல எல்லாவற்றையும் கேட்டார். எனக்கு வேதம் அதிகம் தெரியாது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

"நிழல் சரிதான் உபதேசியாரே. நாம்தான் தப்பான நிழலைப் பிடித்துவிட்டோம்" என்றேன். "கடவுள் ஜனங்களைத் தம்மிடம் கூப்பிட முதலில் யாரை அனுப்பினார்?"

"தீர்க்கதரிசிங்கள."

"ஒருத்தரா?"

"ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா, ஊழியக்காரங்கள அனுப்பிக்கினே இருந்தாரு."

"அவர்களை நம்பி ஜனங்கள் வந்தார்களா?"

"எங்க வந்தாங்க."

"கடைசியில்?"

"கடைசில…" அவர் நிமிர்ந்தார். "கடைசில குமாரனையே அனுப்பினாரு."

"நான் ஊழியக்காரன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஊழியக்காரன் வந்தால் போதாது. மகன் நேரில் வரவேண்டும். உங்கள் பெண் அதைத்தான் கேட்கிறாள்."

அவர் என்னையே பார்த்தார். வேலிக்கு அந்தப்புறத்திலிருந்து, "செரியாத்தான் சொல்றாரு ஐயிரே" என்று குரல் வந்தது. உபதேசியார் கல்லைவிட்டு எழுந்து என்னை இறுகக் கட்டிக்கொண்டார். காலையில் பட்ட வேதனை எல்லாம் என் வயிற்றுக்குத் திரும்ப வந்தது.

"ஐயோ, இது எனக்குத் தோணாமப் போச்சே பிரதர்! உங்களுக்கு வெளிச்சம் கெடச்சிருக்கு!"

பிறகு காதோரம், மகளுக்குக் கேட்காமல், "அப்ப அவ இப்ப போவலியா?" என்றார்.

"இப்போது போகவில்லை."

"ஸ்தோத்திரம்" என்றார். அந்த நான்கு நாளில் அவர் சொன்ன எத்தனையோ ஸ்தோத்திரங்களில் இதுதான் வயிற்றிலிருந்து வந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு மிச்சம் இருக்கிறதென்று சாராள் அம்மா சொன்னார். நான் கஞ்சி போதும் என்றுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பினோம். விடைபெற்று ஊர் முனைவரை வந்ததும் கார் அதே அடிபம்பின் முன்னால், அதே இடத்தில், உஸ்ஸென்று நின்றது. வேனுக்குக் காத்திருந்த கிருபாவதி டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் ஒன்றும் கேட்காமல், குடத்தை எடுத்தாள்.

ரேடியேட்டர் குடித்து முடித்தது. எனக்கும் சொம்பில் கொடுத்தாள்.

"ஒருவேளை அவன் வந்து, உனக்குப் பிடிக்கவில்லை என்றால் என்னம்மா செய்வாய்?" என்று கேட்டேன்.

"இன்னா செய்யப் போறேன்? தண்ணி குட்த்து அனுப்புவேன்" என்றாள்.

கிள்ளானில் அண்ணன் கத்தின கத்து பக்கத்துப் பட்டறைக்கும் கேட்டது. "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை வாங்கத் துப்பில்லையா உனக்கு?" என்றார். "கிடைத்தது, அது வேனுக்குச் சொன்னதாகப் போய்விட்டது" என்றேன். தலை விஷயத்தையும் சொல்லிவிட்டேன் என்றதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விக்டர் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். மெதுவாக வெளியே உருண்டு வந்து, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, என் முன்னால் நின்றான்.

"முடி இல்லை என்று தெரிந்தும் வரச் சொல்கிறாள்" என்றேன் அவனிடம். "பேசிப் பார்ப்பாளாம். பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவாளாம். அவ்வளவு தூரம் போய் வெறும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவேண்டி வரலாம். யோசித்துச் சொல்."

அவன் தலையைத் தடவிக்கொண்டான். வாயைத் திறந்தான். "ஆங்" வரப்போகிறது என்று அண்ணனும் நானும் காத்திருந்தோம்.

"போறேன்" என்றான் விக்டர்.